தொழில்முனைவுப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு எதற்கு?

மாண்பமை துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, விழாவுக்காக ஓடியாடி உழைத்த மேலாண்மைத் துறைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் தொழிலதிபர் பெருமக்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு செயலில் இறங்கும் எண்ணம் எப்படி வருகிறது? உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-இல் மூன்று காரணங்கள் சொன்னார்: அந்தச் செயல் நமக்குப் பிடித்திருக்கிறதா, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், நம்மால் முடியுமா. மூன்றையும் பேசத்தான் வந்தேன். முதலில் மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன். நம் வகுப்பறைகள் கோட்டை விடுவது அங்கேதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

என் மாணவி ஒருத்தி அருமையான தொழில்திட்டம் எழுதியிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சான வீண்தாள்களைத் தைத்து நோட்டு விற்பதாகத் திட்டம். முழு மதிப்பெண் போடலாம். "சரிம்மா, பத்து நோட்டு தைத்து நூலக வாசலில் நின்று விற்றுவிட்டு வா" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. போனாள். முதல் நாள் ஒருவரும் வாங்கவில்லை. தோழிகள்கூடப் பார்க்காததுபோல் போய்விட்டார்களாம். மறுநாள் ஒரு பையன் புரட்டிப் பார்த்து, "அக்கா, பையில் வைத்தால் மூலை மடங்குமே, கெட்டி அட்டை போட மாட்டீர்களா?" என்றான். அவளுடைய நாற்பது பக்கத் திட்டத்தில் அட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை! அட்டை போட்டாள், அத்தனையும் விற்றது. அப்புறம் என்னிடம் வந்து, "ஐயா, அடுத்து யாரிடம் கேட்கட்டும்?" என்றாள். அந்தக் கேள்வி எந்த வினாத்தாளில் வரும்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களைச் சிறு நிறுவனங்கள் நடத்த வைத்து ஆராய்ந்தார்கள். 2010-இல் முடிவு வெளியானது: தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. பாடம் தோற்றுவிட்டது என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொந்தப் பணத்தை இழக்கும் முன்பே 'இது எனக்கு ஒத்துவராது' என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால், அதுவும் கல்வி கொடுத்த பலன்தானே! எத்தனை பேர் தொழில் தொடங்குவோம் என்று கை தூக்கினார்கள் என்பதை மட்டும் வைத்துப் பாடத்தை எடைபோடாதீர்கள்.

மற்ற இரண்டு காரணங்களுக்கு நேரம் இடம் தரவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மறுபடியும் சொல்லி, துணைவேந்தர் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சிறு முதல் கொடுங்கள். நட்டமானாலும் கணக்கை ஒழுங்காகக் காட்டினால் மதிப்பெண் போடுங்கள். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.