செப்ரிங்கில் வண்டி தள்ளியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் தீர்ந்துபோய் நடுரோட்டில் வண்டியைத் தள்ளிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். எனக்கும் உண்டு. சின்ன வயதில் மாமாவின் அம்பாசடரை அவரோடு சேர்ந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளியிருக்கிறேன். மேடே இல்லாத சாலை என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் எவ்வளவு மேடு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கு நான் சொல்லப்போவதும் வண்டி தள்ளிய கதைதான். தள்ளியவர் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். தள்ளிய இடம், உலகச் சாம்பியன் யார் என்று முடிவாகும் பந்தயத்தின் கடைசிச் சுற்று.

1959 டிசம்பர் 12. அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தில், செப்ரிங் என்கிற சிறிய ஊர். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி 1950இல்தான் தொடங்கியது. ஆக, இது பத்தாவது ஆண்டு, அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். இதற்கு முந்தைய பந்தயம் இத்தாலியில் மொன்ஸாவில் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. நடுவில் மூன்று மாதம். இன்றைக்கு வாரா வாரம் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பட்டம் யாருக்கு என்று தெரியாமல் மூன்று பேர் மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

பந்தயம் நடந்த இடம் ஒரு பழைய விமானத்தளம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம். போர் முடிந்ததும் அதன் கான்கிரீட் ஓடுபாதைகளையும் பக்கத்துச் சாலைகளையும் சேர்த்து, எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஒரு சுற்றுப்பாதை அமைத்தார்கள். அலெக் உல்மன் என்பவர் அங்கே 1952இலிருந்து பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் நடத்திவந்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர்தான். கொண்டும் வந்தார். கையைச் சுட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே பந்தயம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது.

ஓடுபாதையில் பந்தயம் ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கே பார்த்தாலும் தட்டையான கான்கிரீட். பாதை எது, பாதை இல்லாதது எது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, அந்த மூன்று பேர் யார்?

முதலில் ஜாக் பிராபம். ஆஸ்திரேலியர், சிட்னியில் காய்கறிக் கடைக்காரர் மகன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஓட்டுநர். அதிகம் பேசமாட்டார். இரண்டாவது, ஸ்டர்லிங் மாஸ். இங்கிலாந்துக்காரர். அன்றைக்கு உலகத்திலேயே வேகமானவர் என்று எதிராளிகளே ஒப்புக்கொண்டவர், ஆனால் பட்டம் மட்டும் ஒட்டவே இல்லை, கடைசிவரை. மூன்றாவது, டோனி புரூக்ஸ். அவரும் இங்கிலாந்துக்காரர், பல் மருத்துவம் படித்தவர். 1955இல் சிசிலித் தீவில் சிரக்யூஸ் என்ற ஊரில் நடந்த பந்தயத்துக்கு விமானத்தில் போகும்போது தேர்வுக்குப் புத்தகம் படித்துக்கொண்டே போய், இறங்கி, இத்தாலியர்களை அவர்கள் மண்ணிலேயே ஜெயித்துவிட்டு வந்தார். 1959இல் அவர் ஃபெராரி அணியில் இருந்தார்.

பிராபமும் மாஸும் ஓட்டியது கூப்பர் என்ற வண்டி. இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லண்டனை ஒட்டி சர்பிட்டன் என்ற இடத்தில் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்று அப்பாவும் மகனும் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். போர் முடிந்த புதிதில், மோட்டார் சைக்கிள் இஞ்சினை வைத்துச் சின்னப் பந்தய வண்டி செய்தார்கள். அந்த இஞ்சினுக்குச் சங்கிலிதான். சங்கிலி பின்சக்கரத்தைச் சுற்றவேண்டும் என்றால் இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதுதான் வசதி. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பட்டறைக்காரன் வசதி, அவ்வளவுதான். ஆனால் அப்படி வைத்ததில் வண்டி சிறியதாயிற்று, எடை குறைந்தது, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்டது. பெரிய வண்டிக்கும் அதே முறையைக் கொண்டுபோனார்கள். கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்று ஒரு கம்பெனி, தீயணைப்பு பம்புக்கு இஞ்சின் செய்தவர்கள், அவர்களிடமிருந்து இஞ்சின் வாங்கிப் போட்டார்கள்.

ஃபெராரியின் சிவப்பு வண்டிகளிலோ இஞ்சின் முன்னால். குதிரை வண்டியை இழுக்கத்தான் வேண்டும், தள்ளக்கூடாது என்று என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, அவருடைய வண்டிகள் அப்படித்தான் இருந்தன.

இப்போது புள்ளிக்கணக்கு. முதல் இடத்துக்கு 8, இரண்டாவதுக்கு 6, அப்புறம் 4, 3, 2. யார் ஒரு சுற்றை மிக வேகமாக ஓட்டுகிறாரோ அவருக்குக் கூடுதலாக 1. இதோடு ஒரு விசித்திரமான விதி: ஆண்டு முழுக்க எத்தனை பந்தயம் ஓட்டினாலும், ஒருவருடைய மிகச் சிறந்த ஐந்து முடிவுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். செப்ரிங்குக்கு வரும்போது பிராபமிடம் 31, மாஸிடம் 25½, புரூக்ஸிடம் 23. அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு பந்தயத்தில் இரண்டு பேர் அதே வேகத்தில் சுற்று ஓட்டியதால் ஒரு புள்ளியைப் பாதியாகப் பிரித்தார்கள். பிராபம் ஏற்கெனவே ஐந்து பந்தயங்களில் புள்ளி வாங்கிவிட்டார். அந்த ஐந்தில் மிகக் குறைவானது 4. எனவே இங்கே அவர் மூன்றாவதாக வந்தாலும் கணக்கில் மாற்றம் வராது. புரூக்ஸ் அவரை முந்த வேண்டுமென்றால் பந்தயத்தையும் ஜெயித்து, வேகமான சுற்றையும் ஓட்ட வேண்டும். அப்போதும் பிராபம் முதல் இரண்டு இடத்துக்குள் வரக்கூடாது. மாஸின் நிலை இதைவிடச் சுலபம்.

யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்யப் பந்தயத்துக்கு முன்பே ஒரு நேர ஓட்டம் உண்டு. அதில் மாஸ்தான் முதலிடம், ஒரு சுற்றை 3 நிமிடத்தில் ஓட்டியிருந்தார். பக்கத்தில் பிராபம், 3 விநாடி பின்தங்கி. முன்வரிசையில் மூன்றாவது இடம் புரூக்ஸுக்கு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் ஹாரி ஷெல் என்ற ஓட்டுநர் திடீரென்று அவரைவிட வேகமான நேரம் ஓட்டியதாகக் கணக்குக் காட்டியது. ஷெல் விளையாட்டுத்தனத்துக்குப் பேர்போனவர். ஓடுபாதையில் எங்கேயோ குறுக்கு வழியில் புகுந்து வந்துவிட்டார் என்பது பந்தய உலகில் வழங்கும் கதை. ஃபெராரிக்காரர்கள் சண்டை போட்டார்கள், எடுபடவில்லை. புரூக்ஸ் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டார்.

வரிசையின் கடைசியில் இன்னொரு வேடிக்கை. ராட்ஜர் வார்ட், அந்த ஆண்டின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்தவர், மண் தரையில் வட்டமடிக்கிற குட்டி வண்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வளைவுகளில் இந்த ஐரோப்பியர்களை ஒரு கை பார்த்துவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை. ஒரு சுற்றுக்கு மாஸைவிட 43 விநாடி அதிகம் எடுத்தார். பாவம், பந்தயத்தில் கிளட்ச் போகும்வரை சளைக்காமல் ஓட்டினார்.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே, பின்னாலிருந்து வந்த வோல்ஃப்காங் ஃபான் ட்ரிப்ஸ் புரூக்ஸின் வண்டியில் இடித்தார். யாரோ எதிரி இல்லை, அதே ஃபெராரி அணிக்காரர்! வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் புரூக்ஸ் நேராக பிட்டுக்குள், அதாவது பாதையோரம் மெக்கானிக்குகள் நிற்கும் இடத்துக்குள், போய் நிறுத்தினார். சக்கரத்தைப் பார், அடியில் எதாவது வளைந்திருக்கிறதா பார் என்று சோதிக்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது.

உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாராவது இப்படி நிறுத்துவார்களா? புரூக்ஸ் நிறுத்தினார், அதற்குக் காரணம் இருந்தது. 1956இல் சில்வர்ஸ்டோனில், வண்டியின் ஆக்சிலரேட்டர் சரியில்லை என்று தெரிந்தே ஓட்டினார். அது சிக்கிக்கொண்டு வண்டி கவிழ்ந்து இவரைத் தூக்கி எறிந்தது, தாடை உடைந்தது, வண்டி எரிந்துபோனது. மறு ஆண்டு லீ மான்ஸில் கியர் மாட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போய்க் கவனம் சிதறி மணல்மேட்டில் ஏறினார், வண்டி அவர் மேலேயே கவிழ்ந்தது. உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். புரூக்ஸ் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர். சந்தேகம் உள்ள வண்டியை இனி ஓட்டுவதில்லை, உயிரை வீணாகப் பணயம் வைப்பது பாவம் என்று அப்போது முடிவெடுத்திருந்தார். செப்ரிங்கில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுதான் சுலபமாக இருந்திருக்கும், மனதைக் கட்டாயப்படுத்தித்தான் உள்ளே வந்தேன் என்று பிற்காலத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் பந்தய வண்டியில் சீட் பெல்ட்கூடக் கிடையாது. கூட ஓட்டியவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று செத்துக்கொண்டிருந்தார்கள். இடித்த ஃபான் ட்ரிப்ஸே 1961இல் மொன்ஸாவில் இறந்துபோனார். ஷெல் அதற்கு முன்பே, 1960இல்.

இதை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், செப்ரிங் என்றதும் எல்லாரும் வண்டி தள்ளியதைத்தான் பேசுவார்கள், வண்டியை நிறுத்தியதைப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அன்றைய பெரிய காரியம் அந்த இரண்டு நிமிடம்தான்.

முன்னால் என்ன நடந்தது? மாஸ் யாருக்கும் எட்டாமல் போய்க்கொண்டிருந்தார். ஆறாவது சுற்றுக்குள் கியர்பாக்ஸ் போயிற்று. நடந்து திரும்பினார். அந்த ஆண்டு அவருடைய கியர்பாக்ஸ் காலை வாரியது அது முதல் தடவையும் இல்லை. அதற்குப் பிறகு பிராபம் முன்னால், அவருக்குப் பின்னால் அதே கூப்பர் அணியின் புரூஸ் மக்லாரன். நியூசிலாந்துப் பையன், வயது 22. சின்ன வயதில் இடுப்பு எலும்பு நோயால் நீண்டநாள் படுக்கையில் கிடந்து, ஒரு கால் குட்டையாகவே வளர்ந்தவர். மக்லாரன் என்ற பெயரை இன்றைக்கும் பந்தயத்தில் கேட்கிறீர்களே, அந்த அணியைத் தொடங்கியவர் இவர்தான். அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அவர் பிராபமின் நிழல் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மொத்தம் 42 சுற்று. கடைசிச் சுற்று. முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது பிராபமின் வண்டி இருமியது, அடங்கியது. டேங்க் காலி. பின்னால் வந்த மக்லாரன், அண்ணன் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வேகத்தைக் குறைத்தார். பிராபம் கையை வீசி, போ, போ என்று விரட்டினார். அந்தத் தயக்கத்தில் பின்னாலிருந்து மோரிஸ் த்ரன்தின்யான் என்ற பிரெஞ்சுக்காரர் பாய்ந்து வந்துவிட்டார். மக்லாரன் ஜெயித்தது 0.6 விநாடியில். 22 வயது 104 நாளில் ஜெயித்து, கிராண்ட் பிரீ ஜெயித்தவர்களிலேயே மிக இளையவர் என்ற அவருடைய சாதனை, அந்தக் காலத்தில் பட்டக் கணக்கில் சேர்ந்திருந்த இண்டியானாபொலிஸ் 500ஐ விட்டுவிட்டால், 2003இல் ஸ்பெயின்காரர் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ வரும்வரை நின்றது.

பிராபம் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். தள்ள ஆரம்பித்தார். வேறு யாராவது கை வைத்தால் தகுதி போய்விடும், தனியாகத்தான் தள்ள வேண்டும். வண்டி அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பாதை அங்கே லேசான ஏற்றம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் களைத்த உடம்பு. சுற்றிலும் புகைப்படக்காரர்களும் அதிகாரிகளும் கூடவே நடந்து வருகிறார்கள். ஒருவரும் தொடவில்லை. என் மாமா அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அதிகாரப்பூர்வ நேரங்களைப் பார்த்தால் ஒரு காட்சி தெரியும். புரூக்ஸ் மக்லாரனுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் பின்னால் வந்து முடித்தார், மூன்றாவது இடம். பிராபம் முடித்தது ஏறக்குறைய 5 நிமிடம் பின்னால். அப்படியென்றால், பிராபம் குனிந்து தள்ளிக்கொண்டிருக்கும்போதே புரூக்ஸின் சிவப்பு வண்டி அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. பட்டத்துக்குப் போட்டியிட்ட இரண்டு பேர், ஒருவர் ஓட்டிக்கொண்டு, ஒருவர் தள்ளிக்கொண்டு. பிராபம் கோட்டைத் தாண்டித் தரையில் சரிந்தார். நான்காவது இடம்.

உலகச் சாம்பியன் பட்டத்தைத் தள்ளியே வாங்கினார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். புரூக்ஸுக்கு மூன்றாம் இடத்துக்கு 4 சேர்ந்து 27. மாஸ் 25½இல் நின்றுவிட்டார். பிராபம் ஏற்கெனவே 31. வண்டி நின்ற நிமிடத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு ஒரு மரநிழலில் போய் உட்கார்ந்திருந்தாலும் அவர்தான் சாம்பியன். வண்டிக்குள் ரேடியோ இல்லாத காலம், பிட்டில் தூக்கிக் காட்டும் பலகைதான் எல்லாம். யார் எங்கே என்று நின்று கணக்குப் போட அவருக்கு ஏது நேரம்?

நான்காம் இடத்துக்கு 3 புள்ளி கொடுத்தார்கள். அவருடைய முந்தைய ஐந்து முடிவுகளில் மிகக் குறைவானதே 4 அல்லவா? இந்த 3 சேராது. அந்த ஆண்டின் புள்ளிப்பட்டியலில் பிராபம் பெயருக்கு நேரே 31 என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 34 என்று அச்சடித்திருப்பார்கள். அடைப்புக்குறிக்குள் கூடுதலாக இருக்கிற அந்த மூன்றுதான் அவர் செப்ரிங்கில் தள்ளிச் சம்பாதித்தது.

வணக்கம்.