140 பவுண்டு ஜாக்கெட்டும் மல்லிகை வாசமும் | எடின்பரோ மழையில கோல்ஃப்

வணக்கம் மக்களே! இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது. அவ்வளவு எரிச்சல்ல இருக்கேன். 140 பவுண்டு. நூத்தி நாப்பது! மார்ச் மாசம் இதே சோஃபாவுல உக்காந்து காட்டினேனே, அந்த நீல மழை ஜாக்கெட். "இனி ஸ்காட்லாந்து மழை என்னை என்ன பண்ணிடும்"னு சவடால் வேற விட்டேன். அது இன்னைக்கு கோல்ஃப் ஆடும்போது ஆறாவது ஹோல்லயே, அதாவது ஆறாவது குழிக்கு ஆடும்போதே, காலை வாரி விட்டுருச்சு.

இடம் வழக்கம் போல பிரெய்ட் ஹில்ஸ்தான். புதுசா பாக்கறவங்களுக்குச் சொல்றேன், எடின்பரோவுல குன்று மேல இருக்கற பொது கோல்ஃப் மைதானம், 1889லேருந்து இருக்கு. வானம் வெளுத்திருந்தா கோட்டை, கடல் எல்லாம் தெரியும். இன்னைக்கு என் ட்ராலியே எனக்குத் தெரியல. 4 டிகிரி, பக்கவாட்டுல சாரல். நான் குடையைப் பிடிச்சேனா, குடை என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சான்னு தெரியாது.

தோள்ல ஆரம்பிச்சு ஜில்லுனு இறங்குது, பனியன் வரைக்கும் தொப்பல். வீட்டுக்கு வந்ததும் பில்லைத் தேடி எடுத்து, வாங்கின கடைக்கு மூணு பாரா மெயில் அடிச்சேன். அனுப்பப் போற நேரத்துல ஜாக்கெட்டை எதேச்சையா மூக்குகிட்ட கொண்டு போறேன்... மல்லிகை வாசம்!

அம்மா! செப்டம்பர்ல வந்திருந்தாங்கல்ல, அந்த இட்லி வீடியோவுல பாத்திருப்பீங்க. பாவம், "ஒரே மண்ணா இருந்துச்சும்மா, தோச்சுப் போட்டேன்"னாங்க. எதுல தோச்சாங்கன்னு நான் அப்ப கேக்கவே இல்ல. சாதா சோப்புத் தூள், மேல ரெண்டு மூடி சாஃப்ட்னர்.

இது ஏன் தப்புன்னா, மழை ஜாக்கெட்டோட மேல் துணியில தண்ணி ஒட்டாம இருக்க ஒரு பூச்சு இருக்கும். தாமரை இலை மேல உருள்ற மாதிரி தண்ணி உருண்டு விழணும். சாஃப்ட்னர் அது மேல படிஞ்சிருச்சுன்னா துணி தண்ணியைக் குடிக்க ஆரம்பிச்சிரும். உள்ள இருக்கற, தண்ணியைத் தடுக்கற சவ்வு ஓட்டை ஆகல, ஆனா நம்ம வேர்வை வெளிய போக வழியில்லாம உள்ளயே தண்ணியா நிக்கும். நமக்கு ஒழுகற மாதிரியே இருக்கும். மெயிலை அழிச்சுட்டேன். மூணு பாரா, மக்களே! நல்ல கோவமான பாராக்கள்.

நிஜமாவே ஜாக்கெட் ஒழுகி மாட்டினவங்களும் இருக்காங்க. 2010ல வேல்ஸ்ல, கெல்டிக் மேனர் மைதானத்துல ரைடர் கப், அதாவது அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதற கோல்ஃப் போட்டி. முதல் நாளே கொட்டு கொட்டுன்னு கொட்டி, ஆட்டத்தை ஏழு மணி நேரத்துக்கு மேல நிறுத்தி வெச்சாங்க. அமெரிக்க டீமோட மழை உடுப்பு ஒழுகி, ரசிகர்கள் வாங்கற கடையிலயே போய் புதுசு வாங்கிட்டு வந்தாங்க. கடைசில 14½க்கு 13½ன்னு அரை பாயின்ட்ல... சரி சரி, ஒரு பாயின்ட்ல தோத்தாங்க. கமென்ட்ல எழுதறவங்க எழுதிருவீங்கன்னு நானே திருத்திட்டேன்.

ஜாக்கெட்டுக்கு உள்ள என்ன போடணும்னு கேட்டிருந்தீங்க. மெலிசா மெரினோ கம்பளி பனியன், மேல மெலிசா, மெத்துன்னு இருக்கற ஃப்ளீஸ் சட்டை, அதுக்கு மேல ஜாக்கெட். அவ்வளவுதான். தடி ஸ்வெட்டர் போட்டா தோள் திரும்பாது. பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸ் நனைஞ்சா செத்தோம். மதுரையில 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டினவ நான், என்னை நம்புங்க. கடையில போட்டுப் பாக்கும்போது மட்டை வீசற மாதிரி ஸ்விங் பண்ணிப் பாருங்க. யார் பாத்தா என்ன? நான் பண்ணேன், ஒரு தொப்பி ஸ்டாண்டு விழுந்துச்சு.

இப்ப என் வெற்றிக் கதை. மழை க்ளவ்ஸ்! ஜோடி 18 பவுண்டு, எனக்கு தள்ளுபடியில 12க்குக் கிடைச்சுது. பன்னிரண்டே பவுண்டு! வழக்கமா இடது கைக்கு மட்டும் போடற தோல் க்ளவ் நனைஞ்சா விளக்கெண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். போன வருஷம் என் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை கையை விட்டுப் பறந்து முள்ளுப்புதர்ல விழுந்த வீடியோவை இன்னும் ஷேர் பண்ணிட்டு இருக்கீங்க, தெரியும். மழை க்ளவ்ஸ் ரெண்டு கைக்கும் போடணும். நனைய நனையத்தான் பிடிக்கும். காஞ்சு இருந்தா அவ்வளவா பிடிக்காது, அதனால நான் ஆட்டம் ஆரம்பிக்கற முதல் டீ மேடையிலயே பாட்டில் தண்ணி ஊத்தி நனைச்சுக்கறேன். கூட ஆடின ரெண்டு பெரியவங்க என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தாங்க. பத்தாவது ஹோல்ல ஒருத்தர் "எங்க வாங்கினே?"ன்னு கேட்டார். விலையை மூணு தடவை சொன்னேன்.

ஐயோ, பேன்ட்டைச் சொல்லல! மழை பேன்ட் வாங்கும்போது கால்ல ஜிப் நீளமா இருக்கான்னு பாருங்க, ஷூவைக் கழட்டாமலே ஏறணும். ஒத்தைக் கால்ல கொக்கு மாதிரி சேத்துல நிக்க முடியாது. அப்புறம் துண்டு. ஒண்ணை குடைக்கம்பில உள்பக்கமா தொங்கவிடுங்க, அது ஒண்ணுதான் கடைசி வரைக்கும் காஞ்சிருக்கும்.

பந்தும் குளிர்ல தூரம் போகாது, காத்து அடர்த்தி, பந்தும் விறைப்பு. ஏழாம் நம்பர் மட்டைக்கு பதிலா, இன்னும் தூரமா அடிக்கற ஆறாம் நம்பர் எடுங்க. ராத்திரி பந்தை கார் டிக்கியில விடாம வீட்டுக்குள்ள வைங்க. ஆனா ஆட்டத்துக்கு நடுவுல ஹேண்ட் வார்மரோட சேத்து பந்தைச் சூடு பண்ணாதீங்க. கோல்ஃப் விதி 4.2a, அப்படி வேணும்னே சூடு பண்ணின பந்தை அடிச்சா ஆட்டத்தை விட்டே தூக்கிருவாங்க. கையைச் சூடு பண்ணிக்கலாம், அதுக்குத்தான் ஃப்ளாஸ்க்ல சுக்குக் காப்பி.

ஜாக்கெட் என்ன ஆச்சா? இந்த மாதிரித் துணிக்குன்னே இருக்கற சோப்புல தோச்சு, ரெண்டு தடவை அலசி, ட்ரையர்ல மிதமான சூட்டுல போட்டு எடுத்தேன். அப்புறம் அதைப் போட்டுக்கிட்டு ஷவர் அடியில அஞ்சு நிமிஷம் நின்னேன். ஒரு சொட்டு உள்ள வரல! வீட்டுக்காரர் கதவைத் திறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம மூடிட்டுப் போயிட்டார். அம்மா மறுபடி மே மாசம் வராங்க, சாஃப்ட்னர் பாட்டில் இப்பவே பரண் மேல ஏறியாச்சு.