இடப்பக்கம் மட்டும் கிடைத்த சிறுத்தை

வணக்கம் நண்பர்களே. காட்டில் நாற்பது நாள் கட்டியிருந்த தானியங்கிக் கேமராவின் மெமரி கார்டு இது. உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதாநாயகன்: புல். கேமராவுக்கு எதிரே நின்ற புல்லை அறுக்காமல் வந்தது என் தவறுதான். அந்தக் கருவிக்குப் பூனை, புலி என்றெல்லாம் தெரியாது. சுற்றுப்புறத்தோடு ஒட்டாத சூட்டில் ஏதாவது அசைந்தால் சொடுக்கிவிடும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் அதற்கு விலங்குதான்.

சரி, சிறுத்தைக்கு வருகிறேன். இதோ, இரவு 2.14. இடப்பக்கம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. வலப்பக்கம் இல்லை, எதிர்க் கேமராவின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. "ஒரு பக்கம் போதாதா?" என்பீர்கள். போதாது. சிறுத்தையின் புள்ளிகளும் புலியின் வரிகளும் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒரே விலங்கின் இரண்டு விலாவும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. இன்றைக்கு இடப்பக்கம், அடுத்த வாரம் வேறோர் இடத்தில் வலப்பக்கம் என்று கிடைத்தால், வந்தது ஒன்றா இரண்டா? யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் ஜோடியாகக் கட்டுகிறார்கள்.

1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் உயிரியலாளர் உல்லாஸ் கரந்த் புலிகளை இப்படித்தான் கணக்கிட்டார். ஏற்கெனவே படத்தில் விழுந்த புலிகள் எத்தனை முறை திரும்ப விழுகின்றன என்று பார்த்தால், ஒருமுறைகூடச் சிக்காதவை எத்தனை இருக்கும் என்பதையும் கணிக்கலாம். எனக்கு இன்றும் வியப்பு தீராத கணக்கு அது. 2018 இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, 3.48 கோடிக்கு மேல் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலிப் படங்கள் 76,651. என் புல்லுக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

கருஞ்சிறுத்தை வந்தால் என்ன செய்வது? மலேசியத் தீபகற்பத்தில் பெரும்பாலான சிறுத்தைகள் கறுப்பு. பகல் படத்தில் வெறும் மைக்கறைதான். ஆனால் இருட்டில் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளியில் உள்ளே மறைந்த புள்ளிகள் தெரியும். எனவே ஆய்வாளர்கள் கேமராவின் ஒளி உணரியை மூடி, பகலையும் இரவென்று நம்பவைத்தார்கள். எவ்வளவு அழகான ஏமாற்று!

இது எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். படங்களில் பதிந்திருந்த இடக்குறிப்பை அழித்துவிட்டுத்தான் காட்டுகிறேன். கள்ள வேட்டைக்காரர்களும் காணொளி பார்ப்பார்கள்.