ஊசி வேண்டாம் என்றவர்களிடம் நான் சொன்ன பொய்

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியது. பேசும்போது நினைவுக்கு வராத சில எண்களை இப்போது சேர்த்திருக்கிறேன். நடுவில் கரண்ட் போய் மைக் அடங்கியதால் பின்வரிசைக்குக் கேட்காமல் போன பகுதியும் இதில் இருக்கிறது.)

எல்லோருக்கும் வணக்கம். சுகாதார ஆய்வாளர் என்றால் கொசு மருந்து அடிக்கிற ஆள், டீக்கடை டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் என்றுதான் பலருக்கும் தெரியும். அந்த வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு 2022 கடைசியில் ஓய்வு பெற்றேன். 'தடுப்பூசியும் மக்களின் அறியாமையும்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அறியாமையைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் என்னுடையதில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும், பரவாயில்லையா என்று செயலாளரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு சரி என்றார். இப்போது சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

2021 ஜனவரி 16 அன்று நாடு முழுக்க கொரோனா ஊசி தொடங்கியது. முதல் வரிசை டாக்டர்கள், நர்சுகள், எங்களைப் போன்ற களப்பணியாளர்கள். அந்த முதல் நாட்களில் வராமல் போனவர்களில் படித்தவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கோவாக்சினுக்கு ஜனவரி 3-இல் அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனை 25,800 பேரிடம் நடந்துகொண்டிருந்ததே தவிர, முடிவு வந்திருக்கவில்லை. 'சோதனை முறையில்' என்று ஒரு வால் ஒட்டித்தான் அனுமதியே வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு டாக்டர் "முடிவு வரட்டும், அப்புறம் போட்டுக்கொள்கிறேன்" என்றால் அதை நாங்கள் எச்சரிக்கை என்றோம். மூன்று மாதம் கழித்து ஆடு மேய்க்கிற ஒரு அம்மா "பார்த்துட்டுப் போட்டுக்கிறேன் சார்" என்றார். அவரை விழிப்புணர்வு இல்லாதவர் என்று நோட்டில் எழுதியது நான்தான்.

ஏப்ரல் வந்தது. நடிகர் விவேக் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது, ஊசி காரணம் இல்லை என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? தொடர்பில்லை என்று மத்தியக் குழு ஆராய்ந்து சொன்னது அக்டோபரில். இடையில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் நாங்கள் கிராமம் கிராமமாகப் போனபோது அவர் பெயரைச் சொல்லாத தெரு ஒன்றுகூட இல்லை. எங்கள் மீது கோபமாகச் சொன்னவர்கள் கம்மி, வீட்டில் ஒருவரை இழந்தது போலத்தான் சொன்னார்கள்.

அந்த வாரம் நடந்த ஒரு முகாமைச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளி வராந்தா, ஒரு மேசை, ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டி, எங்கள் நர்சம்மா. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். தமிழ்நாடு மருந்தை வீணாக்குகிறது என்று டெல்லியிலிருந்து பேச்சு வந்துகொண்டிருந்த நேரம் அது, ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குக் கேட்டார்கள். காலை ஒன்பது மணிக்கே ஒரு பாட்டி வந்துவிட்டார், முதல் ஆளாக, ஆதார் அட்டையை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு. பத்துப் பேர் சேரட்டும் பாட்டி என்று நர்சம்மா உட்கார வைத்தார். பதினொன்றரைக்கு ஆறு பேர். நர்சம்மா போனை எடுத்து மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார், "வந்துர்றேன்", "இதோ கிளம்பிட்டேன்" என்கிறார்கள், ஒருவரும் வரவில்லை. பாட்டி எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "உனக்கே திறக்க பயமா இருக்கு போல" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். குப்பியை ஏன் திறக்கவில்லை என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் 'நர்சே திறக்க பயப்படுது' என்பது செய்தியாகிவிட்டது. வதந்தி எங்கே பிறக்கிறது என்று கேட்பவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பைக் காட்டுவார்கள். இது பிறந்த இடத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, வேண்டாம் என்றவர்கள் என்னதான் சொன்னார்கள்? நான் நினைத்தது போல மூடநம்பிக்கை அதிகம் இல்லை. பெண்களில் பெரும்பாலோருக்குக் கவலை காய்ச்சல். ஊசி போட்டால் ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு வலியும் காய்ச்சலும் வரும், அது உண்மை, நாங்களே மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினோம். அன்றைக்கு நூறு நாள் வேலைக் கூலி 273 ரூபாய், கையில் வந்தது பல இடங்களில் அதைவிடக் குறைவு. "ரெண்டு நாள் படுத்தா யார் சார் கூலி தருவா?" என்று கேட்டால் என்ன பதில்? என்னிடம் துண்டுப் பிரசுரம்தான் இருந்தது. இளம் பெண்களுக்குக் குழந்தை நிற்காமல் போய்விடுமோ என்ற பயம். அதை ஆணான என்னிடம் சொல்லமாட்டார்கள், நர்சம்மாவிடம் காதோடு கேட்டார்கள். ஆண்களுக்கு வேறு பயம்: போட்டால் இத்தனை நாள் குடிக்கக்கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அதனாலேயே தப்பித்து ஓடியவர்களை எண்ணினால் இந்த மண்டபம் பத்தாது. பிற்பாடு நீலகிரி மாவட்டத்தில் ஊசிச் சான்றிதழ் காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்று அறிவித்தபோது எனக்கு அவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

இனி பொய்க்கு வருகிறேன். மே மாதம். 21-ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,000-க்கு மேல் தொற்று. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபடியே சாப்பிட்ட நாட்கள் அவை. எங்கள் வட்டாரத்தில் அடுத்தடுத்து சாவு. அந்தப் பதற்றத்தில், மேலிடத்துக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடியும் சேர்ந்து, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனபோது நான் சொன்னேன்: "ஊசி போடாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து ரேஷன் கிடையாது." அப்படி ஓர் உத்தரவு என் கைக்கு வரவில்லை. நானாகச் சொன்னது. வதந்தி பரப்பினால் நடவடிக்கை என்று அதே மைக்கில் அடுத்த தெருவில் அறிவித்தேன். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு பரப்பிய வதந்திக்கு யார் நடவடிக்கை எடுப்பது?

கூட்டம் வந்தது. அதுதான் கொடுமை, வேலை செய்தது. ஆனால் ஜூன் முதல் வாரத்தில் பார்த்தால் மருந்து இல்லை, மையங்களில் 'தடுப்பூசி இருப்பு இல்லை' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். ரேஷன் போய்விடும் என்று ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். இதற்கு நடுவில் கோவிஷீல்டு இரண்டாம் டோஸ் இடைவெளி நான்கு வாரம் என்றது ஆறிலிருந்து எட்டு ஆகி, மே 13-இல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் ஆகியிருந்தது. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாக வருகிறது என்பதற்கு வெளிநாட்டு ஆதாரம் இருந்தது உண்மைதான். அதை மருந்து தீர்ந்துபோன நேரத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர் தலைவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இல்லாததாலதானே தள்றீங்க?" என்றார்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. ஊசிச் சண்டை நமக்குப் புதிதில்லை. 1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பிள்ளைகளுக்கு ஒட்டுமொத்தமாகப் போடுவதை எதிர்த்து இதே சென்னையில் கொடி தூக்கியவர் ராஜாஜி. அதற்கு முந்தைய ஆண்டுவரை முதலமைச்சராக இருந்தவர். ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவருக்கும் முன்பிருந்தே, 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் வந்த காலத்திலிருந்தே, ஏ.வி. ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் மறுபக்கம் நின்றார். ஊசி நிற்கவில்லை, தொடர்ந்தது. அப்புறம்தான் விஷயம் இருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைக்குத் திருவள்ளூர் என்கிறோமே அந்தப் பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள், சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி, யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. ஏழரை வருடம் கவனித்துவிட்டு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுத்ததாகத் தெரியவில்லை என்று வெளியிட்டார்கள்.

அப்படியானால் ராஜாஜி ஜெயித்துவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயை அதே ஊசி தடுக்கிறது, அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம், உங்களில் பலர் தோளில் அந்த வடு இருக்கும். எனக்கு இதில் பிடித்தது வேறு. தான் போட்டுக்கொண்டிருக்கும் ஊசி எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை என்று சுகாதாரத் துறைக்காரர்களே சோதித்து, ஒளிக்காமல், உலகத்துக்குச் சொன்னார்கள். அதுவும் நம் கிராமங்களில் செய்து. அந்த வழியில் வந்த நான் மைக்கில் என்ன சொன்னேன் என்று யோசித்தால் கூசுகிறது.

இன்னொன்றும் சொன்னேன்: "பக்கவிளைவே கிடையாது." அதுவும் தப்பு. கோவிஷீல்டு போட்டவர்களில் மிக மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைகிற சிக்கல் வந்தது. 2021 மே மாதமே மத்திய அரசு அதைச் சொல்லியிருந்தது: தீவிரமானவை என்று வந்த 498 புகார்களை ஆராய்ந்ததில் 26 பேருக்கு அப்படி இருக்கலாம், 10 லட்சம் டோசுக்கு 0.61 என்று. பிரிட்டனில் 10 லட்சத்துக்கு 4, ஜெர்மனியில் 10 என்று கூடவே ஒப்பிட்டும் காட்டினார்கள். கொரோனா வந்து எத்தனை பேர் போனார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால் நான் அன்றும் போட்டுக்கொண்டேன், இன்று கேட்டாலும் போட்டுக்கொள்வேன். ஆனால் அந்த எண் டெல்லியின் அறிக்கையோடு நின்றுவிட்டது. எங்கள் ரேஷன் கடை வரிசைக்கு வந்து சேரவில்லை. 2024-இல் அந்த மருந்தை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய கம்பெனி இந்தச் சிக்கலை லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்று டிவியில் ஓடியபோது, மூன்று வருடமாக மறைத்து வைத்திருந்தார்கள் என்று ஊரே பேசியது. மறைக்கவில்லை என்று சொல்ல என் வாய் வரவில்லை, ஏனென்றால் நான் மறைத்திருந்தேன்.

இதை வைத்து, காந்தம் ஒட்டுகிறது, சிப் வைக்கிறார்கள், இரண்டு வருடத்தில் எல்லோரும் செத்துவிடுவார்கள் என்று வீடியோ போட்டுப் பார்வையாளர் எண்ணிக்கை ஏற்றியவர்களோடு நான் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களைப் பற்றிப் பேச எனக்கு நேரம் இல்லை. அந்த வீடியோவை நம்பி வீட்டிலேயே கிடந்து மூச்சுத்திணறிப் போனவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

கட்டாயப்படுத்தலாமா என்றும் ஒரு கேள்வி வந்தது. 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றது, கூடவே அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறானது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை வெட்டி ஃபார்வர்டு செய்தார்கள். அதே தீர்ப்பில், பக்கவிளைவுகளைப் பொதுமக்களும் தனியார் டாக்டர்களும் நேரடியாகப் பதிவு செய்ய வழி செய்யுங்கள், அதை வெளியிடுங்கள் என்றும் இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்து நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் முகமெல்லாம் அம்மைத் தழும்பு உள்ள ஒரு பெரியவர் இருந்தார். சின்ன வயதில் அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் இவரையும் தங்கையையும் வெறும் நெற்குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்களாம். அப்புறம் பெரியம்மை வந்தது. இவர் பிழைத்தார், தங்கை பிழைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "பேரப்பிள்ளைகளுக்கு எது போடணுமோ போடு. எனக்கு வேண்டாம், நான் பார்த்தாச்சு" என்றார். கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை. 2023-இல் மூப்பில்தான் போனார். இதை வைத்து எந்தக் கட்சியும் வாதாட முடியாது, நானும் வாதாடவில்லை.

ஓய்வுக்கு முந்தைய மாதங்களில் பூஸ்டர் ஊசிக்குக் கூப்பிட்டுப் போனேன். இலவசம்தான், மருந்தும் நிறைய இருந்தது. வீட்டுக்குள்ளிருந்தே, "ரேஷன் அப்பவும் தந்தாங்களே சார்" என்று ஒரு குரல் வந்தது. கதவு திறக்கவில்லை.

அந்த மே மாதத்தில் முதல் ஆளாக ஓடிவந்தவர், நான் நோட்டில் எழுதிய அதே ஆடு மேய்க்கிற அம்மா. ஊசி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்து நீட்டினார். "போட்டாச்சுன்னு இதுல பதிஞ்சு குடுத்துருங்க சார்." பக்கத்தில் நர்சம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கார்டை வாங்கினேன், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், நோட்டில் ஏதோ எழுதுவது போல எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.