இரண்டு வினாடி ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். 1985 செப்டம்பர் 19. பசிபிக் கரையோரம் நிலம் நடுங்கியது. 350 கிலோமீட்டருக்கும் அப்பால் மெக்சிகோ நகரில் கட்டடங்கள் சரிந்தன. அதே நகரில், பாறைமேல் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பில் 3, 4 சதவீதம்தான். பழைய ஏரிப்படுகைக் களிமண்ணிலோ சுமார் 17 சதவீதம்.

விறைப்புக் குணகத்தை, அதாவது மண் பக்கவாட்டில் நெளிய எவ்வளவு மறுக்கிறது என்ற எண்ணை, அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் குறுக்கலையின் வேகம் வரும். பாறையில் வினாடிக்கு ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அந்தக் களிமண்ணில் 75 மீட்டர் அளவுதான். படிவின் தடிமன் 38 மீட்டர் என்று வையுங்கள். தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால், இயல்பு அலைவு நேரம், அதாவது மண் ஒருமுறை முழுதாக ஆட எடுக்கும் நேரம், 2 வினாடி. அடி வாங்கியவை பெரும்பாலும் ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள். பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை ஆட ஒரு வினாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. விரிசல் விட்டதும் அந்த நேரம் நீண்டு, மண்ணின் ஆட்டத்தை நெருங்கிவிடும்.

இதையே கணினியில் போடும்போதுதான் சறுக்கல்கள். 5 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஐந்து அதிர்வுகள் வரை வேண்டுமென்றால் அலைநீளம் 15 மீட்டர். மண்ணைக் கணக்குக்காகப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தின் அளவு அதில் பத்தில் ஒன்று, 1.5 மீட்டர். பெரிதாக வைத்தால் வேகமான அதிர்வுகளைக் கட்டமே விழுங்கிவிடும். விடை வழவழப்பாக வரும், நம்பிவிடுவோம்! காலப்படியை, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியை, 75 மீட்டர் வேகத்தை வைத்துப் போடாதீர்கள். நீர் நிறைந்த களிமண்ணில், மண்ணை அமுக்கி விரித்துச் செல்லும் நெட்டலை வினாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். படிப்படியாக முன்னேறும் கணக்கில் அந்த அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் 0.001 வினாடியைத் தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும்.

கணினி மாதிரியின் அடிப்பக்கத்தை அசையாமல் இறுக்கிக் கட்டினால், கீழே இறங்கும் அலை திரும்பத் திரும்ப மேலே வரும். அங்கே ஷாக் அப்சார்பர் போன்ற எல்லை வேண்டும்; சதுர மீட்டருக்கு அதன் தடை, பாறையின் அடர்த்தியையும் அலைவேகத்தையும் பெருக்கிய அளவு. அதே பெருக்கத்தை மேலே மண் மூடாத வெளிப்பாறையில் பதிவான திசைவேகத்தால் பெருக்கி, தகைவாக, அதாவது பரப்பின் மீதான விசையாக, அந்த எல்லையில் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவில் எதிரொலித்த பங்கும் சேர்ந்து, மேலேறும் அலை ஏற்கெனவே இரட்டித்திருக்கிறது. மறுபடி இரண்டால் பெருக்கினால் நகரமே இரு மடங்கு ஆடும்.

மெக்சிகோ களிமண் பலமாக ஆடியும் விறைப்பை அதிகம் இழப்பதில்லை. மணல் அப்படியல்ல, அதற்கு ஒரே குணகத்தைக் கடைசிவரை வைத்திருக்கக் கூடாது.

முதலில் சிறிய அதிர்வு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஆட்டத்தின் உச்சம் 2 வினாடி அலைவு நேரத்தில் வராமல் 6 வினாடிக்கு மேல் போய் நின்றால், அடர்த்தியை உள்ளிட்ட இடத்தைத் திறந்து பாருங்கள். கிலோநியூட்டனில் உள்ள எடையை 9.81 ஆல் வகுக்காமல் அப்படியே போட்டிருப்பீர்கள்.