என்.டி.ஆர் 9 மாசத்துல சிஎம் ஆனது சாமி வேஷத்தாலயா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். சூளூர்பேட்டைல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார், அப்படியே படிக்கிறேன். "அண்ணா, என்.டி.ஆர் கட்சி ஆரம்பிச்சு 9 மாசத்துல ஆந்திரா சிஎம் ஆனார்னு சொல்றாங்க, அது சினிமால ராமர் கிருஷ்ணர் வேஷம் போட்ட புகழ் தானே, அப்படிப்பட்ட ஆளை கடைசில சொந்த மருமகனே எப்படி இறக்க முடிஞ்சுது?" நல்ல கேள்வி தம்பி. ரெண்டு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா ஒரு பழைய வேன் கதைய சொன்னா ரெண்டுக்கும் பதில் கிடைச்சிடும்.

முதல்ல புகழ் விஷயம். இல்லைன்னு சொல்லவே முடியாதுங்க. அவர் தி.நகர் பசுல்லா ரோட்ல குடியிருந்த காலத்துல, திருப்பதிக்கு வர்ற ஆந்திரா பஸ்ஸெல்லாம் சாமி கும்பிட்டுட்டு நேரா மெட்ராஸ் வந்து இவர் வீட்டு வாசல்ல நிக்கும். ஏழுமலையானைப் பார்த்தாச்சு, அடுத்து இவரைப் பார்த்துட்டு ஊருக்குப் போவோம்னு வருவாங்க. அவரும் காலங்காத்தாலயே ரெடியாகி வெளிய வந்து கும்பிடுவாராம். எங்க பாட்டி அந்தப் பக்கம் போகும்போது கூட்டத்தைப் பார்த்துட்டு ஏதோ கல்யாணம்னு நினைச்சாங்களாம், இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. ஆனா புகழ் இருந்தா கூட்டம் வரும், ஓட்டு வேற கணக்கு. எம்ஜிஆரோட இவரை ஒப்பிடுறோம்ல, எம்ஜிஆர் 67லயே எம்எல்ஏ, திமுகவுல பொருளாளரா இருந்தவர், 72ல தனிக்கட்சி ஆரம்பிச்சு 77ல தான் ஆட்சிக்கு வந்தார். கிளைக்கழகம், மன்றம்னு எல்லாம் கையில இருந்தும் அஞ்சு வருஷம் ஆச்சு. என்.டி.ஆருக்கு அது எதுவுமே கிடையாது. 60 வயசு நெருங்குற நேரத்துல ஹைதராபாத்ல 1982 மார்ச் 29ம் தேதி தெலுங்கு தேசம்னு பேர் சொல்றார், 1983 ஜனவரி 9ம் தேதி பதவி ஏத்துக்கிறார். நடுவுல என்ன நடந்துச்சுன்னு தானே கேக்கறீங்க?

அவர் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆந்திரால ஒரு கோபம் கொதிச்சிட்டு இருந்துச்சு. 78 தேர்தல்ல காங்கிரஸ் ஜெயிச்சுது, அடுத்த தேர்தல் வர்றதுக்குள்ள நாலு சிஎம். சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராம் ரெட்டி, விஜயபாஸ்கர ரெட்டி. ஒவ்வொருத்தரையும் போடுறதும் டெல்லி, தூக்குறதும் டெல்லி. அதுல அஞ்சையா கதை தான் ஜனங்க மனசுல தைச்சது. ராஜீவ் காந்தி அப்போ வெறும் எம்பி, 82 பிப்ரவரில பேகம்பேட் ஏர்போர்ட்ல வந்து இறங்குறார், அஞ்சையா ஆளுங்களத் திரட்டிட்டு மாலையோட நிக்கிறார், என்ன இது கூட்டம்னு ராஜீவ் அங்கேயே கடிஞ்சுக்கிட்டார், ஒரு மாநிலத்தோட சிஎம் கண் கலங்கி நிக்கிறார். அதே மாசம் பதவியும் போச்சு. "தெலுங்கு மக்களோட ஆத்ம கௌரவம்"னு என்.டி.ஆர் ஊர் ஊரா சொன்னாரே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் யாரும் விளக்க வேண்டி இருக்கல, ஜனங்க அதை ஏர்போர்ட்ல நேர்லயே பார்த்த மாதிரி தான் இருந்தாங்க.

இப்போ வேனுக்கு வருவோம். பழைய செவர்லே வண்டி ஒண்ண எடுத்து பிரச்சாரத்துக்குத் தகுந்த மாதிரி மாத்தி சைதன்ய ரதம்னு பேர் வெச்சாங்க. ஓட்டுனது அவர் மகன் ஹரிகிருஷ்ணா. உள்ள படுக்க இடம், மேல ஏறி நின்னு பேச வழி, மைக் செட், அவ்ளோ தான். மனுஷன் காக்கி டிரெஸ் மாட்டிக்கிட்டு பட்டுச் சட்டை, மேக்கப் எல்லாத்தையும் விட்டுட்டு இதுல ஏறினார், மாசக்கணக்கா இறங்கவே இல்ல. வழியில எங்க தண்ணி இருக்கோ அங்க குளியல், ரோட்டோரமே சாப்பாடு, ராத்திரி அதுலயே தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஒரு முக்குல நூறு பேர் நின்னா அங்கயும் வண்டி நிக்கும், பொம்பளைங்க ஆரத்தி எடுப்பாங்க, இவர் மேல ஏறி அஞ்சு நிமிஷம் பேசிட்டு அடுத்த ஊர். இன்னைக்கு ரோடு ஷோன்னு சொல்றோம்ல, நம்ம பக்கத்துல அதுக்கெல்லாம் தாத்தா இந்த வேன் தான். அப்போ எல்லாரும் பண்ணது மேடை போட்டு, லாரில ஆள் கூட்டிட்டு வந்து, தலைவர் மூணு மணி நேரம் லேட்டா வர்றது. இவர் கூட்டத்தைக் கூப்பிடல, கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போனார்.

இன்னொன்னும் சேர்த்துச் சொல்லணும், வேட்பாளர்கள். டாக்டர், வக்கீல், பட்டதாரிப் பசங்கன்னு நிறைய புது முகங்களை நிறுத்தினார், ஈநாடு பேப்பர் முழுசா பின்னால நின்னுச்சு, கிலோ ரெண்டு ரூபாய்க்கு அரிசின்னு வாக்குறுதி வேற. சைக்கிள் சின்னம். 294ல 201 சீட்டு! ஆந்திரப் பிரதேசம் உருவானதுக்கு அப்புறம் அங்க காங்கிரஸ் அல்லாத முதல் சிஎம். ராஜ்பவன் உள்ள எல்லாம் போகல, லால் பகதூர் ஸ்டேடியத்துல ஜனங்க முன்னாடி பதவி ஏத்துக்கிட்டார்.

ஆட்சிய நான் சுருக்கமா தான் சொல்லப் போறேன், ஏன்னா நல்லதும் கோணலும் கலந்தது. வந்தவுடனே அரசு ஊழியர் ஓய்வு வயசை 58ல இருந்து 55 ஆக்கினார், பெரிய போராட்டம், அப்புறம் பழையபடி மாத்த வேண்டியதாச்சு. அதே ஆள் தான் பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் குடும்பச் சொத்துல சம பங்குன்னு 85, 86 வாக்குல சட்டம் கொண்டு வந்தார், தமிழ்நாட்டுல அது 89ல கலைஞர் ஆட்சில வந்துச்சு, நாடு முழுக்க வர 2005 ஆச்சு. சென்னைக்காரங்க குடிக்கிற கிருஷ்ணா தண்ணி, தெலுங்கு கங்கை ஒப்பந்தம், அதுவும் 83ல எம்ஜிஆரும் இவரும் சேர்ந்து போட்டது தான். தண்ணி இங்க வந்து சேர 96 ஆச்சு, அதைப் பார்க்க ரெண்டு பேருமே இல்ல.

இப்போ 84 ஆகஸ்ட். இங்க தான் உன் ரெண்டாவது கேள்விக்கு விதை இருக்கு தம்பி, கவனி. அமெரிக்கால இதய ஆபரேஷன் பண்ணிட்டு அப்போ தான் திரும்பி வந்திருக்கார். ஆகஸ்ட் 16ம் தேதி கவர்னர் ராம்லால் இவரை டிஸ்மிஸ் பண்ணிட்டு, கட்சில இருந்து பிரிஞ்ச நாதெண்டல பாஸ்கர ராவை சிஎம் ஆக்கிட்டார். எம்எல்ஏக்கள் எங்கிட்ட தான் இருக்காங்க, தலைய எண்ணிப் பாருங்கன்னு ராஜ்பவன் போனவரை அங்கேயே கைது பண்ணாங்க. மனுஷன் விடல. எம்எல்ஏக்களைக் கூட்டிக்கிட்டு டெல்லி போய் ஜனாதிபதி ஜெயில் சிங் முன்னாடி நிறுத்தினார், தான் மட்டும் வீல்சேர்ல. அந்த போட்டோ நாடு முழுக்க போச்சு. அப்புறம் ஆட்களை யாரும் விலைக்கு வாங்கிடக் கூடாதுன்னு கர்நாடகால, அங்க காங்கிரஸ் அல்லாத ஹெக்டே ஆட்சி, பத்திரமா தங்க வெச்சாங்க. நாம இன்னைக்கு ரிசார்ட் அரசியல்னு கிண்டல் பண்றோமே, அது அன்னைக்கு ஜனநாயகத்தைக் காப்பாத்துற வேலையா இருந்துச்சு. கவர்னரை மாத்தினாங்க, செப்டம்பர் 16ம் தேதி திரும்ப சிஎம் ஆனார். சரியா ஒரு மாசம்.

அதோட பலன் டிசம்பர்ல தெரிஞ்சுது. இந்திரா காந்தி இறந்த அனுதாப அலைல நாடே காங்கிரஸுக்கு ஓட்டு போட்டுச்சு, ஆந்திரால மட்டும் 42ல 30 இவருக்கு. லோக்சபால ரெண்டாவது பெரிய கட்சி ஒரு மாநிலக் கட்சி, அது வரைக்கும் நடக்காத விஷயம். அங்க இருந்து தான் தேசிய ஆசை. 88ல நம்ம மெரினால தேசிய முன்னணிங்கிற காங்கிரஸ் எதிர்ப்புக் கூட்டணியோட தொடக்க விழா, இவர் தலைவர். 89ல அந்த முன்னணி சார்பா வி.பி.சிங் பிரதமர் ஆகிறார், ஆனா கூத்தைப் பாருங்க, அதே தேர்தல்ல ஆந்திரால இவருக்கு ரெண்டே எம்பி, ஆட்சியும் போச்சு, கல்வகுர்த்தி தொகுதில இவரே தோத்துட்டார், கூடவே நின்ன இன்னொரு தொகுதி இந்துபூர் தான் கை கொடுத்துச்சு. ஊரெல்லாம் விருந்து போட்டவர் வீட்டுல உலை வைக்கல. அந்த வருஷம் பிப்ரவரில மொத்த மந்திரிசபையையும் ஒரே நாள்ல தூக்கின ஆள் வேற, எல்லாமே நான் தான்ங்கிற குணம் நல்லா ஏறியிருந்துச்சு. இதை நான் சொல்றது சிலருக்குக் கோபம் வரும், பரவால்ல.

94ல மறுபடி வேன், மறுபடி ரெண்டு ரூபா அரிசி, கூடவே மதுவிலக்கு. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவுல பொம்பளைங்க ஆரம்பிச்ச சாராய எதிர்ப்புப் போராட்டம் மாநிலம் முழுக்க பரவியிருந்த நேரம். 216 சீட்டு, காங்கிரஸ் வெறும் 26. இவ்ளோ பெரிய வெற்றி வந்த ஒன்பதாவது மாசம் தான் கவிழ்ந்தார்.

எப்படின்னா, லட்சுமி பார்வதியக் கல்யாணம் பண்ணதுக்கு அப்புறம் அவங்க கை ஓங்குதுன்னு கட்சிக்குள்ள புகைச்சல், குடும்பத்துலயும். அவரோட மருமகன் சந்திரபாபு நாயுடு எம்எல்ஏக்களை ஹைதராபாத் வைஸ்ராய் ஹோட்டல்ல வெச்சுக்கிட்டார். 84ல கத்துக்கிட்ட பாடம் தான், இந்தத் தடவை ஹோட்டலுக்கு வெளிய நின்னவர் என்.டி.ஆர். சட்டசபையக் கலைச்சிடுங்கன்னு சிபாரிசு பண்ணார், கவர்னர் கிருஷ்ண காந்த் கேக்கல. அப்போ அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி என்ன? அந்த வேன். சைதன்ய ரதத்துல ஏறி ஹோட்டல் வாசலுக்கே போய், மைக்கப் பிடிச்சு, உள்ள இருக்கிற தன்னோட எம்எல்ஏக்களை வெளிய வாங்கன்னு கூப்பிட்டார். 82ல எந்த ஊர்ல கூப்பிட்டாலும் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்தாங்க. இங்க அவர் மேல செருப்பு தான் வந்து விழுந்துச்சு.

1995 செப்டம்பர் 1ம் தேதி நாயுடு சிஎம். அடுத்த ஜனவரி 18ம் தேதி என்.டி.ஆர் மாரடைப்புல போய்ட்டார். ஹரிகிருஷ்ணாவை ஞாபகம் இருக்குல்ல, அந்த வேனை ஊர் ஊரா ஓட்டின மகன், அவரும் அன்னைக்கு நாயுடு பக்கம் தான். புது மந்திரிசபைல அவருக்குக் கிடைச்ச இலாகா, போக்குவரத்து.