முதல் கேமரா வாங்குமுன் லென்ஸைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை இங்கேயே முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் படத்தில் அகலவாக்கில் 6000 புள்ளிகள், உயரவாக்கில் 4000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலத்துக்கு நல்ல படம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது தாராளம்.

கேட்க வேண்டியது மவுண்ட் பற்றி. மவுண்ட் என்பது லென்ஸைப் பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவில், பூட்டுகிற வளையம். பாடியை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவீர்கள், லென்ஸ் உங்களோடேயே இருக்கும். அதனால் பாடி எதுவென்று முடிவு செய்யும்போதே, அந்த மவுண்டில் உங்களால் வாங்க முடிகிற லென்ஸ்கள் என்னென்ன என்று பார்த்துவிடுங்கள். கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட் ஆகிய மிர்ரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) மவுண்டுகள் இரண்டும் 2018-இல் வந்தவை. அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் வரும் கேனானின் இஎஃப் 1987-இலும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலும் வந்தன. அதனால் அவற்றுக்குப் பழைய லென்ஸ்கள் ஏராளம். கையில் பணம் குறைவாக இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் நல்ல தேர்வுதான்.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. நிக்கான் டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்கு ஏபிஎஸ்-சி அளவே போதும் என்பது என் கருத்து. அது ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24. ஃபுல் ஃபிரேம் வாங்கினால் லென்ஸ்களின் எடையும் விலையும் சேர்ந்தே ஏறும்.

இனி லென்ஸ். பாடியோடு வரும் 18-55 கிட் லென்ஸை (18 முதல் 55 மில்லிமீட்டர் வரை மாற்றக்கூடிய ஜூம்; எண் கூடினால் காட்சி நெருங்கி வரும்) மட்டமாக நினைக்காதீர்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) வைத்து எடுத்தால் கூர்மையான படம் தரும். அது திணறுவது வீட்டுக்குள்ளேதான். 55 மில்லிமீட்டரில் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) நொடியில் 25-இல் ஒரு பங்கு என்றால், அதே ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவில்) இதில் 250-இல் ஒரு பங்கு வைக்கலாம். ஆடி ஓடும் குழந்தையின் முகம் கலங்காமல் கிடைப்பது இந்த வேகத்தில்தான். "லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே இருப்பவர் அசைவதை அதனால் தடுக்க முடியாது.

ஆகவே இரண்டாவது லென்ஸாக எஃப் 1.8 பிரைம் (ஜூம் ஆகாத, ஒரே மில்லிமீட்டர் அளவுள்ள லென்ஸ்) ஒன்று வாங்குங்கள். எல்லோரும் "50 வாங்கு" என்பார்கள். ஏபிஎஸ்-சி பாடியில் 50-ஐ மாட்டி 2 மீட்டர் தள்ளி நின்றால் ஃபிரேமின் அகலத்தில் 94 சென்டிமீட்டர்தான் அடங்கும். சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும். 35 மில்லிமீட்டரில் அதே தூரத்தில் 1.34 மீட்டர் அடங்கும். வீட்டுக்குள் எடுப்பவருக்கு 35-ஐத்தான் சொல்வேன். முகங்கள் மட்டுமே எடுப்பவருக்கு 50 சரி.

எஃப் 1.8-இல் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 35-இல் 1 மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் மூக்கில் விழுந்தால் கண் மங்கத் தொடங்கிவிடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். இருவர் சேர்ந்து நின்றால் துளையை எஃப் 4-க்குக் குறைத்துவிடுங்கள்.

இந்த இரண்டாவது லென்ஸை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கிட் லென்ஸிலேயே எடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் ஃபோக்கல் லெங்த்தும் (18, 55 என்ற அந்த மில்லிமீட்டர் எண்) ஷட்டர் வேகமும் பதிவாகியிருக்கும், அவற்றைப் புரட்டிப் பாருங்கள். பாதிப் படங்கள் 55-இலேயே நின்று, அப்போதும் எட்டாமல் போயிருந்தால், உங்களுக்குத் தேவை பிரைம் அல்ல, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி ஜூம்.

பழையது வாங்கும்போது இந்தச் சோதனைகளை விடாதீர்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கலாம், அப்படி அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. அடுத்து எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் விலக்கி எடுங்கள். படத்துக்குப் படம் ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தால் அது சென்சார் தூசி. இதைச் சுத்தம் செய்துகொள்ளலாம், பயப்பட வேண்டியதில்லை. பூஞ்சை கண்ட லென்ஸை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானியும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அளவு 60-ஐத் தாண்டினால் ஜெல்லை உலர்த்தியோ மாற்றியோ வையுங்கள். வணக்கம்.